மதிப்பெண்ணான உவமை: ஐதராபாத் ஆங்கிலத் தேர்வுகளும் இந்திய அணியிலக்கண மரபுகளும்

முன்னுரை

ஐதராபாத்தின் வடபகுதியில், குத்புல்லாபூரை அடுத்துள்ள ஜீடிமெட்லா, மருந்து, வேதிப்பொருள், பொறியியல் ஆலைகள் மிகுந்த தொழிற்பேட்டைப் பகுதியாகும். வேலை நாடிப் பல மாநிலத்தாரும் குடியேறிய இத்தகைய பகுதிகளில் தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழிகளை வீட்டில் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே ஆங்கில வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். அவ்வினாத்தாள்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் வினா ஒன்றுண்டு. பாடலடி ஒன்றைக் கொடுத்து, அதில் பயின்றுள்ள அணி யாதெனக் கேட்பது அது. எதிர்பார்க்கப்படும் விடை பெரும்பாலும் ஒரே சொல்லாகும். சிமிலி எனப்படும் உவமை, மெட்டஃபர் எனப்படும் உருவகம், பெர்சானிஃபிகேஷன் எனப்படும் ஆள்தன்மையேற்றம் ஆகிய மூன்றும் அவ்விடைகளில் மிகுதியும் வருவன.

ஒரு சொல்லில் முடியும் இவ்விடைக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உள்ளது. அவ்வரலாற்றை ஐதராபாத்தை நடுவாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நகரைத் தெரிவு செய்தற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நிசாமின் ஆட்சிக்குட்பட்ட நகராயிருந்தும் அறுபது ஆண்டுகள் இதன் முதன்மைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வு முறைக்கு உட்பட்டிருந்தது. மற்றொன்று, தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளின் அணிக்கோட்பாடுகளும் ஒரே நகரின் வகுப்பறைகளில் அருகருகே பயிற்றப்பட்டன. அணியின் பெயரை மட்டும் அளக்கும் தேர்வு, எதனால் ஒப்பிடப்பட்டது, எதற்காக ஒப்பிடப்பட்டது என்னும் வினாக்களைக் கைவிட்டது. அவ்வினாக்களோ இந்திய அணிநூல்கள் உவமைக்கு இன்றியமையாதனவாகக் கொண்டவை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

தேர்வின் தோற்றமும் அணியின் நுழைவும்

1854ஆம் ஆண்டு வெளிவந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. 1836இல் அமைந்த லண்டன் பல்கலைக்கழகம் அக்காலத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்னும் நிலை இம்முறையின் அடிப்படை. முகமறியாத மாணவரின் விடைத்தாளை முகமறியாத தேர்வாளர் திருத்தும்போது, இருவரும் ஐயமின்றி ஒப்புக்கொள்ளத்தக்க விடைகளுக்கே இடமுண்டு. கவிதை நுகர்ச்சியை இவ்வாறு அளப்பது அரிது. அணியின் பெயரை அளப்பதோ எளிது. கவிதைப் பாடத்திற்குள் அணிவினா நிலைபெற்றதன் காரணத்தை இவ்வமைப்பிலேயே காணலாம்.

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருப்பெற்ற வரலாற்றில் இந்தியாவுக்குரிய இடத்தைக் கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கிலாந்தின் கல்வி நிறுவனங்களில் அப்பாடம் உறுதிபெறுவதற்கு முன்னரே இந்தியாவில் அது பாடத்திட்டமாகிவிட்டது என்பது அவர்தம் முடிவு. அம்முடிவை ஏற்பின், ஆங்கிலக் கவிதையின் அணியை அந்நிய மொழியாளர் இனங்கண்டு எழுதும் வழக்கம் ஆட்சியாளர் தம் நாட்டிலிருந்து அப்படியே கொணர்ந்து வைத்த ஒன்றன்று, இந்தியக் கல்விச் சூழலிலும் உருப்பெற்று வளர்ந்த ஒன்று என்று கொள்ளலாம்.

இவ்வணிவினாவின் உள்ளடக்கத்தை வடிவமைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் அலெக்சாண்டர் பெயின். ஸ்காத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் அளவையியலும் ஆங்கிலமும் கற்பித்த இவர், லண்டன் பல்கலைக்கழகத் தேர்வாளராகவும் பணியாற்றியவர். 1866இல் வெளிவந்த இவரது ஆங்கிலக் கட்டுரையியல், அணியியல் நூல், மனித அறிவு மூன்று வகையில் செயற்படுவதாகக் கொள்கிறது. வேற்றுமையை உணர்தல், ஒற்றுமையை உணர்தல், உடனிகழ்வனவற்றை நினைவில் இருத்துதல் என்பன அவை. இவற்றிற்கேற்பவே அணிகளையும் அவர் பகுத்தார். உவமையும் உருவகமும் ஆள்தன்மையேற்றமும் ஒற்றுமையின்பாற்பட்டன. பெயினுக்கு அணி என்பது மனம் இயங்கும் முறைக்குச் சான்று.

1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளெங்கும் பரவிய ரென், மார்ட்டின் இருவரின் ஆங்கில இலக்கண நூலிலும் ஒப்புமை, முரண், தொடர்பு என்னும் இப்பகுப்பின் சுவட்டைக் காணலாம். ஆயின் பெயின் கூறிய மனவியல் அடிப்படை அங்கு இல்லை. பெயர், இலக்கணம், எடுத்துக்காட்டு, பயிற்சி என்னும் நான்கே எஞ்சின. கோட்பாடு உதிர்ந்து பட்டியல் நின்றது.

இதே தேர்வு முறையிலிருந்து வேறொரு விளைவும் தோன்றியதை இங்குக் குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஆங்கில வழித் தேர்வில் வென்ற அவரே 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடனும் பதிப்பித்தார். முன்னதில் அலங்காரப் படலமும் பின்னதில் உவமவியலும் அடங்கும். ஆங்கில அணிப்பட்டியல் தேர்வறைக்குள் நிலைபெற்றுவந்த அதே காலப்பகுதியில் தமிழின் பழைய அணிக்கொள்கைகள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே வரலாற்றின் இரங்கத்தக்க பகுதி.

நிசாம் கல்லூரியும் சரோஜினி நாயுடுவும்

ஐதராபாத்தில் ஆங்கிலக் கல்வியின் தொடக்கத்தில் தமிழர்க்கும் பங்குண்டு. செகந்திராபாத்தில் 1862இல் சோமசுந்தர முதலியார் நிறுவிய ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர்பெற்றது. 1887இல் நிசாம் கல்லூரி தோன்றியது. நிசாமின் ஆட்சிப்பகுதி பிரித்தானிய மாகாணங்களுக்குப் புறம்பானதாயினும் இக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடனேயே இணைக்கப்பட்டது. 1947இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் உறுப்பாகும்வரை இந்நிலை நீடித்தது. எனவே சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் மாணவர் எதிர்கொண்ட அதே தேர்வு மரபையே ஐதராபாத் மாணவரும் எதிர்கொண்டனர்.

நிசாம் கல்லூரியின் முதல்வராயிருந்தவர் அகோரநாத் சட்டோபாத்தியாயர். 1879இல் ஐதராபாத்தில் பிறந்த அவர் மகள் சரோஜினி, தம் பன்னிரண்டாம் வயதில், 1891இல், சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். 1895இல் நிசாமின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். அங்கே திறனாய்வாளர் எட்மண்ட் கோஸ் அவருடைய தொடக்ககாலக் கவிதைகளைப் படித்தார். அவற்றில் ஆங்கிலப் பறவைகளும் ஆங்கில நிலக்காட்சியும் நிறைந்திருந்தன. அவற்றை விடுத்துத் தம் நாட்டின் மலர்களையும் மலைகளையும் மக்களையும் பாடுமாறு கோஸ் அறிவுறுத்தினார். 1912இல் வெளிவந்த சரோஜினியின் இரண்டாம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் கோஸ் இதனைத் தாமே பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சி பொதுவாகத் தாயக உணர்வுக்குச் சான்றாகக் காட்டப்பெறும். அணியியல் நோக்கில் இதற்கு வேறு பொருளும் உண்டு. ஐதராபாத்தில் வளர்ந்த சிறுமிக்கு உவமேயம் தன் வாழ்விலிருந்து வந்தது, உவமானமோ பாடநூலிலிருந்து வந்தது. தான் அறியாத பறவையை உவமையாக்குபவர் அதன் பெயரை அறிவார். அதன் ஓசையையும் இயக்கத்தையும் அறியார். ஒப்புமைக்கு அடிப்படையான பொதுத்தன்மை அவர் அனுபவத்தில் இல்லை. அணியின் பெயரை அறிந்து அதன் காரணத்தை அறியாத தேர்வு விடையின் குறைபாடும் இத்தகையதே. கோஸின் அறிவுரையிலும் ஓர் எல்லை உண்டு. இந்தியக் கவிஞர் இந்தியக் காட்சியையே தரவேண்டும் என்னும் ஆங்கில வாசகரின் எதிர்பார்ப்பும் அதில் கலந்திருந்தது. ஆயினும் 1905இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே சரோஜினி பல்லக்குத் தூக்குவோர், நெசவாளர் முதலியோரின் பாடல்களை அமைத்தார். அவற்றுட் சில பிற்காலத்தே பள்ளிப் பாடங்களாகி, அணிவினாவுக்குரிய பொருளாகவும் ஆயின.

உஸ்மானியா: ஒரே நகரில் மூன்று அணிநூல்கள்

1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. இந்திய மொழியொன்றில் உயர்கல்வி அளிக்கும் இம்முயற்சிக்குத் துணையாக 1917இலேயே மொழிபெயர்ப்புத் துறை அமைக்கப்பட்டது. எனினும் ஆங்கிலம் கட்டாயப் பாடமாகத் தொடர்ந்தது. இதனால் மாணவர் ஒருவர் உருதுப் பாடத்தில் தஷ்பீஹ், இஸ்திஆரா எனவும், ஆங்கிலப் பாடத்தில் சிமிலி, மெட்டஃபர் எனவும் ஒரே பொருளை இரு பெயர்களால் கற்கும் நிலை உண்டாயிற்று. தெலுங்கு பயின்றோர்க்கு உபமாலங்காரம், ரூபகாலங்காரம் என்பன மூன்றாம் பெயர்வரிசை.

பெயர்கள் வேறுபடினும் இந்திய மரபுகள் உவமையைப் பகுக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துள்ளது. வடமொழி வழிப்பட்ட தெலுங்கு அணிநூல்கள் உபமேயம், உபமானம், சமான தர்மம், உபமாவாசகம் என நான்கு உறுப்புகளைக் கூறும். அரபு, பாரசீக மரபு வழிப்பட்ட உருது அணிநூல்கள் முஷப்பஹ், முஷப்பஹ் பிஹி, வஜ்ஹே ஷபஹ், ஹர்ஃபே தஷ்பீஹ் எனக் கூறும். தமிழில் இவை பொருள், உவமை, பொதுத்தன்மை, உவம உருபு என வழங்கும். உருது மரபு இவற்றோடு கர்ஸே தஷ்பீஹ் எனப்படும் ஒப்புமையின் நோக்கத்தையும் சேர்த்து ஆராய்கிறது.

தொல்காப்பிய உவமவியல் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. ஒப்புமையின் அடிப்படையை வினை, பயன், மெய், உரு என நான்காக அது வகுக்கிறது. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பது இதன் பொருள். அத்துடன் நில்லாது, ஒப்புமை பிறக்கும் நிலைக்களங்களையும் சிறப்பு, நலன், காதல், வலி என எடுத்துக்கூறித் தாழ்ந்த பொருளையும் அவற்றோடு சேர்க்கிறது. எதனால் ஒத்தது என்பதற்கு முதற்பகுப்பு விடையாகிறது. எதற்காக ஒப்பிட்டார் என்பதற்கு இரண்டாம் பகுப்பு விடையாகிறது. ஆங்கிலத் திறனாய்வில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல்தான் உருவகத்தின் இருபுறங்களையும் டெனர், வெஹிகிள் எனப் பெயரிட்டு, அவற்றை இணைக்கும் அடிப்படையையும் வற்புறுத்தினார். உஸ்மானியா வகுப்பறையில் அதற்கு முன்பே அவ்வடிப்படைக்கு வஜ்ஹே ஷபஹ் என்ற பெயர் இருந்தது. அப்பெயரை ஆங்கில விடைத்தாளில் எழுதுவதற்கு மட்டும் இடமில்லை.

குறிக்கோள்வழித் தேர்வும் ஐதராபாத் நிறுவனமும்

விடுதலைக்குப்பின் தேர்வு முறை கடுமையான மறுஆய்வுக்கு உள்ளாயிற்று. 1948-49ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்ல வேண்டின் அது தேர்வுச் சீர்திருத்தமே எனக் கருதியது. 1957-58இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். அவர் வழிகாட்டுதலைத் தொடர்ந்து கல்விக் குறிக்கோள்களுக்கேற்ப வினா அமைக்கும் முறை பரவியது. அறிதல், புரிதல், பயன்படுத்தல் எனக் குறிக்கோள்கள் பிரிக்கப்பட்டன. பத்திவிடைகளுடன் குறுவினாவும் ஒருசொல் வினாவும் இடம்பெற்றன.

1958இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது. கன்னடக் கவிஞர் வி. கே. கோகாக் அதன் தொடக்ககால இயக்குநர். 1972இல் ஆங்கிலத்துடன் பிற அயல்மொழிகளுக்கும் உரிய நடுவண் நிறுவனமாக விரிந்த இது, 2007இல் மையப் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறைக்கு நாட்டின் தலைமை மையமாக இந்நகரம் விளங்கியது. மொழித்திறனே முதன்மை, இலக்கியம் அதற்கடுத்தது என்னும் போக்கு அக்காலத்தில் வலுப்பெற்றது. பாடநூலில் கவிதை சுருங்கியபோது கவிதைபற்றிய வினாவும் சுருங்கியது. நயம்பாராட்டல் என்னும் தலைப்பின்கீழ் எஞ்சியது அணியின் பெயரே.

இச்சீர்திருத்தத்தின் நன்மையை மறுத்தல் ஆகாது. பழைய பத்திவிடை முறையில் நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்தவரே மதிப்பெண் பெற்றார். ஒரே விடைத்தாளைத் திருத்தும் இருவர் இருவேறு மதிப்பெண் இடுவதும் இயல்பாயிருந்தது. ஒருசொல் வினா, வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத முதல் தலைமுறை மாணவருக்கும் உறுதியான மதிப்பெண்ணைத் தந்தது. ஜீடிமெட்லாவின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வொரு மதிப்பெண் அற்பமானதன்று. ஆகவே அணிவினாவை நீக்குக என்பதினும், அவ்வினா எதனை அளக்கிறது என்று ஆராய்வதே முறையாகும்.

விடைத்தாளில் உவமையும் உருவகமும்

மாணவர் விடைகளை ஆய்வுப்பொருளாக்கும் முயற்சிக்கு 1929இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் நூல் முன்னோடியாகும். கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குப் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரின்றித் தந்து, அவர்கள் எழுதிய கருத்துகளை அவர் ஆராய்ந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அணிகளைப் பொருள்கொள்வதில் பெரிதும் இடறினர். உருவகத்தைச் சொல்லளவிலேயே கொண்டு குறைகூறியோரும் உண்டு. ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும் என்று அளவிட இயலாமையே அவர்களின் இடர்ப்பாடு. இது பெயரறிவால் தீராத குறையாகும்.

இந்தியத் தேர்வுக்குரிய வழிகாட்டி நூல்கள் இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு குறுக்குவழி கண்டன. லைக், ஆஸ் என்னும் சொற்கள் இருப்பின் உவமை, இல்லையேல் உருவகம் என்பது அது. இவ்விதி பெரும்பான்மை வினாக்களுக்குப் பொருந்தும். ஆயினும் விரும்புதல் என்னும் பொருளில் லைக் வந்தாலும், பொழுது என்னும் பொருளில் ஆஸ் வந்தாலும் உவமை என எழுதும் பிழைக்கு இவ்விதியே வாயிலாகிறது.

இந்திய மரபு நோக்கில் இவ்விதியின் குறை இன்னும் தெளிவாகும். மலர்முகம் என்பது தமிழில் உவமைத்தொகை. உருபு மறைந்திருப்பினும் அது உவமையே. முகமலர் என மாறின் உருவகம். இரண்டிலும் உருபு இல்லை. வேறுபாடு, இரு பொருள்களையும் வேறாக வைத்து ஒப்பிட்டனரா, ஒன்றெனவே கொண்டனரா என்பதில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த தண்டியலங்காரம் உருவகத்தை இவ்வாறே விளக்குகிறது. அதன் மூலமாகிய காவியாதரிசமும் வேற்றுமை மறைந்த உவமையே உருவகம் என்கிறது. தொல்காப்பியர் உருவகத்தைத் தனியே பிரிக்கவே இல்லை. உவமையும் ஒருவகை உருவகமே எனக் கொண்ட அரிஸ்டாட்டிலின் கருத்து இதற்கு மறுதலையானது. வரிசை மாறினும் இரண்டும் ஓரினம் என்பதில் இருசாராரும் உடன்படுகின்றனர். தேர்வு மட்டுமே அவ்விரண்டையும் ஒரு சொல்லின் இருப்பையும் இன்மையையும் கொண்டு பிரிக்கிறது.

சரோஜினியின் பல்லக்குத் தூக்குவோர் பாடலைச் சான்றாகக் கொள்ளலாம். அது முழுவதும் உவமைகளால் அமைந்தது. மலர், பறவை, விண்மீன், முத்து எனப் பல்லக்கிலுள்ள பெண்ணுக்கும் அவளது பயணத்துக்கும் உவமைகள் அடுக்கப்படுகின்றன. லைக் என்னும் சொல் வருவதால் இது உவமை என்று எழுதும் விடைக்கு முழுமதிப்பெண் கிடைக்கும். தொல்காப்பியர் வழியில் வினவினால் வேறொரு விடை பிறக்கும். இவ்வுவமைகளிற் பெரும்பாலானவற்றின் அடிப்படை வினை. அசைதலும் மிதத்தலும் தொங்குதலுமே பொதுத்தன்மைகள். எல்லாம் எடையற்ற இயக்கங்கள். பாடுவோரோ தோளில் எடை சுமப்போர். சுமை இலேசானது என ஒவ்வோர் உவமையும் சொல்லிக்கொண்டே வருகிறது. அது உவகையா, உழைப்பின் களைப்பை மறக்கும் பாட்டா, அன்றிச் சுமப்போரின் வலியைப் பாட்டு மறைத்துவிடுகிறதா என்பன வகுப்பறையில் எழ வேண்டிய வினாக்கள். பொதுத்தன்மையைக் கேளாத தேர்வு இவ்வினாக்களுக்கு வாயிலை அடைத்துவிடுகிறது.

ஆள்தன்மையேற்றமும் திணையும்

மூன்றாம் அணியாகிய பெர்சானிஃபிகேஷனுக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரே பெயர் இல்லை. இதனைக் குறையெனக் கருதுவோர் உளர். உண்மையில் ஆங்கிலப் பாடத்தில் ஒரே பெயரில் அடங்கியதைத் தமிழ் இலக்கணம் பல இடங்களில் பிரித்து ஆராய்ந்துள்ளது.

நன்னூல் இதனைச் சொல்லதிகாரத்தில் வைக்கிறது. கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் செய்வன போலவும் அஃறிணைப் பொருள்களைக் கூறுவதுண்டு என்பது அதன் விதி. இந்த வழி ஊருக்குப் போகிறது என்கிறோம். வழி எங்கும் போவதில்லை. எனினும் இதனை யாரும் அணியாகக் கருதுவதில்லை. இது வழக்கு. தொல்காப்பியப் பொருளியல், காதல்வயப்பட்டோர் தம் நெஞ்சை உறுப்புடையது போலவும் உணர்வுடையது போலவும் விளித்துப் பேசுவதை அகத்திணைக்குரிய மரபாக வைக்கிறது. தண்டியலங்காரம் ஒரு பொருளின் வினையைப் பிறிதொன்றன்மேல் ஏற்றிச் சொல்வதைச் சமாதி என்னும் குணமாகக் கொள்கிறது. இயல்பாக நிகழ்வதற்குக் கவிஞன் தானொரு காரணம் கற்பித்து ஏற்றுவதைத் தற்குறிப்பேற்றம் எனத் தனியணியாக்குகிறது. உருது மரபும் மரணத்துக்கு நகங்கள் உண்டு என்பது போன்ற கூற்றை இஸ்திஆராவின் ஒரு நுண்வகையாகக் கொள்கிறது.

ஆங்கில இலக்கணமும் தொடக்கத்தில் இதனை அணியதிகாரத்தில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் கதிரவனை ஆண்பாலாகவும் கப்பலைப் பெண்பாலாகவும் சுட்டும் வழக்கைப் பால்பற்றிய பகுதியில் விளக்குகிறது. ரென், மார்ட்டின் நூலும் பெயர்ச்சொல்லின் பாலைக் கூறுமிடத்தில் கதிரவன், காலம், மரணம் முதலியன ஆண்பாலாகவும் திங்கள், நிலம், இளவேனில் முதலியன பெண்பாலாகவும் உருவாக்கப்படுவதைக் கூறும். தொல்காப்பியக் கிளவியாக்கம் காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் ஆகிய பத்தையும் எடுத்துக்கூறி, இவை உயர்திணைப் பொருளவாயினும் பால் பிரிந்து இசையா என்கிறது. ஆங்கிலக் கவிஞர் மிகுதியும் ஆளாக்கிப் பாடிய பொருள்களுட் பல இப்பத்தினுள் அடங்குதல் நோக்கத்தக்கது. இருமொழி இலக்கணங்களும் சந்திக்கும் இவ்விடத்தைப் பாடத்திட்டம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தேர்வில் இதனால் நேரும் குழப்பத்துக்கு ஒரு சான்று காணலாம். அமெரிக்கக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1916இல் வெளியிட்ட மூடுபனி பற்றிய சிறுகவிதை, 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி உருவான பத்தாம் வகுப்பு ஆங்கிலநூலில் இடம்பெற்றது. மூடுபனி பூனையின் காலடியோடு வந்து, துறைமுகத்தைப் பார்த்தவாறு குந்தியிருந்து, பின் அகன்று செல்வதாக அமைந்தது அது. இதில் பயின்றுள்ளது உருவகமா, ஆள்தன்மையேற்றமா என்பது மாணவர்க்கு நேரும் இயல்பான ஐயம். உயிரற்றது உயிருள்ளது போல் நடத்தலின் ஆள்தன்மையேற்றம் எனலாம். ஒப்புமைச் சொல் இன்மையின் உருவகம் எனலாம்.

திணைக்கோட்பாட்டைக் கொண்டு நோக்கின் ஐயம் நீங்கும். மூடுபனியும் அஃறிணை, பூனையும் அஃறிணை. திணைமாற்றம் இங்கு நிகழவில்லை. உயிரில்லதன்மேல் உயிருள்ளதன் வினை ஏற்றப்பட்டுள்ளது. எனவே இது சமாதியின்பாற்பட்ட வினையேற்றத்தால் அமைந்த உருவகமாகும். மனிதப் பண்பை ஏற்றும் அணி அன்று. அதன் பொதுத்தன்மையும் எளிதிற் புலப்படும். ஓசையின்றி வருதலும், எவரையும் பொருட்படுத்தாது இருத்தலும், தன் விருப்பில் அகலுதலும் பூனைக்கும் பனிக்கும் பொது. தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர் இவ்விளக்கத்தைத் தாமே எழுதும் தகுதி உடையவர். அதனை எழுதலாம் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. அணிவினா, கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் பிரிந்த தேர்வு முறையின் தேவையால் நிலைபெற்றது. பெயினின் மனவியற் கோட்பாடு பாடநூல்களில் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கியது. தமிழ், தெலுங்கு, உருது மரபுகள் இன்றியமையாததாகக் கொண்ட பொதுத்தன்மை என்னும் உறுப்பு அச்சுருக்கத்தில் மறைந்தது.

இக்குறை ஆங்கிலத் தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தமிழ்த் தேர்விலும் உவமை, உவமேயம், உவம உருபு என மூன்றைப் பிரித்து எழுதுவதோடு பெரும்பாலான விடைகள் நின்றுவிடுகின்றன. நான்காம் உறுப்பு அங்கும் விடுபடுகிறது. ஆங்கிலத் தேர்வின் வழக்கம் தமிழ்த் தாளுக்குள்ளும் புகுந்துவிட்டதோ என ஐயுறுதற்கு இடமுண்டு.

தீர்வு அரிதன்று. அணியின் பெயரோடு, எது எதனோடு ஒப்பிடப்பட்டது, எதனால் ஒத்தது, அதனால் விளைந்த பயன் யாது என மூன்று குறுவிடைகளையும் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் பகுதி மதிப்பெண் வகுத்தால் திருத்துவோரிடையே வேறுபாடும் குறையும், முதல் தலைமுறை மாணவருக்கு உரிய உறுதியும் காக்கப்படும். விடையின் மொழி பிழையுடையதாயினும் ஒப்புமையின் காரணம் சரியாயின் அதற்கு மதிப்பளிக்க இயலும்.

1862இல் தமிழர் ஒருவர் பள்ளி தொடங்கிய நகரிலும், பன்மொழியாளர் கூடிவாழும் ஜீடிமெட்லா போன்ற அதன் புறப்பகுதிகளிலும் மாணவர் தம் வீட்டுமொழியின் உவமைகளோடுதான் தேர்வறைக்குள் நுழைகின்றனர். எதனால் ஒத்தது என்று அவர்களைக் கேட்கும் வினாத்தாளே அவ்வறிவைப் பயன்கொள்வதாகும். அவ்வினாவை வகுத்துத் தரும் பணியில் தமிழ் அணியிலக்கண ஆய்வாளர்க்கும் உரிய பங்குண்டு.